1968-ஐ மறந்துவிட்டீர்களே!
'கெட் அவுட்' (2017) வந்த பிறகுதான் திகில் படங்களில் கறுப்பர்கள் நாயகர்களானார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-லேயே வந்துவிட்டதே! நாயகனாக நடித்தவர் கறுப்பரான ட்வேன் ஜோன்ஸ். ராத்திரி முழுக்க ஜன்னலுக்குப் பலகை அடித்து, நடக்கும் பிணங்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறான். விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அப்புறம், பிணத்தை இழுக்கும் கொக்கியோடு அந்தக் கூட்டத்தார் நிற்கும் புகைப்படங்களோடு படம் முடிகிறது. படம் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டு.

அந்தப் படத்தின் இயக்குநர் கறுப்பர் இல்லை, சரி. ஆனால் 1973-இல் கறுப்பரான பில் கன் எழுதி இயக்கிய 'கஞ்சா அண்ட் ஹெஸ்' (கஞ்சா நாயகியின் பெயர்!) படத்தில் ரத்தம் குடிப்பவரும் இதே ஜோன்ஸ்தான்.

'கெட் அவுட்' கடைசியில் கறுப்பின நாயகன் முன்னால் போலீஸ் விளக்கு மின்னியபோது எனக்கு அடிவயிறு கலங்கியதே அந்தப் பழைய விடியலைப் பார்த்திருந்ததால்தான்.