ஆமா, மைப்பேனாதான். இப்ப என்ன?

சனிக்கிழமை போட்டோ உங்க எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும். மேடையில ஏஐ பத்தி ஒரு மணி நேரம் பேசிட்டு இறங்கி வந்து, ஓரமா உக்காந்து நோட்டுல மைப்பேனாவால எழுதிட்டிருந்தேன். யாரோ அதைப் படம் பிடிச்சு, 'ஊருக்கு ஏஐ, தனக்கு மைக்கூடு'ன்னு தலைப்பு வெச்சுப் போட்டிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சேன். முதல் பத்து நிமிஷம்.

அப்புறம் கமெண்ட் படிச்சேன். வேஷமாம். ரெட்டை நாக்காம். ஒருத்தர், 'அடுத்து ஓலைச்சுவடியா சார்?'னு கேட்டிருந்தார். கிடைச்சா கொடுங்க சார், எழுதிப் பாக்குறேன்.

எனக்கு ரெண்டும் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். சாஃப்ட்வேரைச் சோதிக்கிற டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுத எனக்கு தினமும் ஏஐ வேணும். அதுகிட்ட என்ன கேக்கணும்னு யோசிக்க எனக்குப் பேப்பர் வேணும். கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, அடிச்சு, மறுபடி எழுதினாத்தான் எங்க தப்பாப் போனேன்னு கண்ணுக்குத் தெரியும். ஸ்கிரீன்ல அழிச்சா அழிஞ்சதுதான்.

'கையால எழுதினா மனசுல நிக்கும்னு ஆய்வே இருக்கே'ன்னு எனக்காகப் பரிந்து வந்தவங்களுக்கு நன்றி. 2014ல முல்லர், ஓப்பன்ஹைமர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் செஞ்சது அது. பின்னாடி மத்தவங்க திருப்பிச் செஞ்சப்ப அதே அழுத்தமா முடிவு வரல. அதனால அந்த முட்டு எனக்கு வேணாம். பிடிச்சிருக்கு, எழுதுறேன். இதுக்கு ஆய்வு எதுக்கு?

புதுசு வந்தா பழசைத் தூக்கிப் போடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? 2007ல ஐபோனை மேடையில காட்டுனப்ப ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்கிரீன்ல எழுதுற குச்சியான ஸ்டைலஸைக் கிண்டல் பண்ணி, விரலே போதும்னார். 2015ல அதே ஆப்பிள் 'பென்சில்'னே பேர் வெச்சு ஒண்ணை வித்துச்சு. அதை வாங்கினவங்கள யாரும் ஓலைச்சுவடியான்னு கேக்கல. விலை அதிகம்ல, அதான்.

என் பேனா திருவள்ளூர்ல கடைசல் பிடிச்ச எபோனைட். ரப்பரோட கந்தகம் சேத்து வேக வெச்ச சரக்கு. அழுத்தித் தேய்ச்சா இன்னும் லேசா கந்தக வாடை வரும். அந்த ஊர்ப் பேனாவுக்கு இன்னிக்கு வெளிநாட்டுல இருந்து ஆர்டர் வருதுன்னா இன்டர்நெட்டாலதான். டெக்னாலஜி அந்தக் கடைசல்காரருக்கு எதிரி இல்லை. உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டுக்கும் சண்டை மூட்டிவிடணும்னு ஆசை?

எங்கப்பா பத்திர எழுத்தர். கம்ப்யூட்டர் வந்தா பொழப்பு போச்சுன்னு கூட இருந்தவங்க புலம்பினப்ப, ஐம்பது வயசுல தட்டெழுத்துப் பழகி, கடன் வாங்கி முதல் ஆளா ஒண்ணு வாங்கி வெச்சார். வாசகம் முழுக்க அதுலதான். ஆனா கையெழுத்துன்னு வந்தா, பைக்குள்ள இருந்து அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, ஓரத்துல ஒரு கோடு இழுத்துப் பாத்துட்டுத்தான் போடுவார். அவரை யாரும் ரெட்டை நாக்குன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

'இதெல்லாம் காசு இருக்கிறவன் பொழுதுபோக்கு'ன்னு ஒருத்தர். இது கொஞ்சம் சுட்டுச்சு. என்கிட்ட பதினாலு பேனா இருக்கு, பதினாலும் தேவைன்னு என்னால சாதிக்க முடியாது. சரி, விடுங்க. பேப்பருக்கு மரம் வெட்டுறாங்கன்னு சொன்னவர் மட்டும், தன் கல்யாணப் பத்திரிகை எத்தனை பக்கம்னு எண்ணிட்டு வரட்டும்.

ஞாயித்துக்கிழமை காலையில நிப்பைத் தண்ணியில போட்டுக் கழுவுவேன். மை நூல் நூலாப் பிரிஞ்சு இறங்கும். விரல் ஈரமா இருக்கிறதால போனைத் தொட முடியாது. வாரத்துல எனக்குக் கிடைக்கிற அந்த அரை மணி நேரத்துக்குப் பேர் வேஷமா?

இதையெல்லாம் முகம் தெரியாதவங்க சொன்னாக்கூடத் தாங்கிக்கலாம். அந்தப் போட்டோவுக்குக் கீழ ஹாஹா போட்டவங்க பேரை வரிசையாப் பாத்துட்டே வந்தா, நீ. எட்டாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில பாதியில என் பேனா வறண்டப்ப, சார் திரும்பி நிக்கிற நேரம் பாத்து உன் பேனாவைக் கவுத்து, நிப்பு வழியா சொட்டு சொட்டா என் பேனாவுக்குள்ள மை விட்டியே, அதே நீ. என் வெள்ளைச் சட்டையில விழுந்த கறைக்கு வீட்ல வாங்கின அடி வேற.

அன்னிக்கு அந்த நாலு சொட்டு இல்லன்னா நான் ஃபெயில். அதனால உன்னை அன்ஃபிரெண்ட் பண்ணல. ஆனா அந்த ஹாஹாவை எடுத்துருடா.