'எ பாசேஜ் டு இந்தியா' நாவலின் முடிவு பற்றி

இந்திய மருத்துவர் அசீஸும் ஆங்கிலேயக் கல்லூரி முதல்வர் ஃபீல்டிங்கும் மனக்கசப்பு நீங்கி நண்பர்களாக விடைபெறுவதோடுதான் இ.எம். ஃபார்ஸ்டரின் நாவல் முடிகிறது என்றும், இயக்குநர் டேவிட் லீன் அதை அப்படியே படமாக்கினார் என்றும் இந்த விவாதத்தில் மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். அன்புகூர்ந்து திருத்திக்கொள்ளுங்கள்: அது 1984இல் வந்த படத்தின் முடிவு. 1924இல் வெளியான நாவலின் முடிவு வேறு.

நாவலிலும் மனக்கசப்பு தீர்கிறது, உண்மைதான். ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. இருவரும் மாவு என்ற சமஸ்தானத்தின் காட்டுவழியில் கடைசியாகக் குதிரைச் சவாரி போகிறார்கள். ஆங்கிலேயர்களை விரட்டிய பிறகே நாம் நண்பர்களாக முடியும் என்று அசீஸ் ஆவேசமாகச் சொல்கிறான். இப்போதே ஏன் கூடாது என்று கேட்கிறார் ஃபீல்டிங். குதிரைகள் விலகி ஓடுகின்றன. பாறைகள் வழிமறிக்கின்றன. கோயிலும் குளமும் சிறையும் அரண்மனையும், ஏன், வானமுமே 'இப்போதைக்கு இல்லை, அங்கே இல்லை' என்று மறுக்கின்றன. ஆளுகிறவனும் ஆளப்படுகிறவனும் சமமாக நட்புக் கொள்ள முடியாது என்ற அந்தக் கசப்புதான் என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர். படத்தில் இந்தச் சவாரியே கிடையாது.

அசீஸ் மீது குற்றம் சாட்டிப் பிறகு அதைத் திரும்பப் பெற்ற ஆங்கிலப் பெண் ஆடலாவுக்கு அவன் எழுதும் கடிதம் இரண்டிலும் வருகிறது. குழப்பம் அதனால் நேர்ந்திருக்கலாம்.

சரிபார்க்க முழு நாவலையும் படிக்கத் தேவையில்லை. 37ஆம் அத்தியாயம், அதுவே கடைசி, சில பக்கங்கள்தான். பழைய நூல்களைத் தரும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படித்த கையோடு படத்தின் இறுதிக் காட்சிகளையும் பாருங்கள்.