ரோட்டோரம் வேண்டாம், கால்வாய் கரை கிடக்கே

கன்னியாகுமரி மாவட்டத்துல குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவுல நடக்க, சைக்கிள் ஓட்ட தனிப்பாதை போடலாம்னு எழுதியிருக்கீங்க, நல்ல விசயம்தான், ஆனா மெயின் ரோட்டை ஒட்டி கோடு போட்டு வச்சா மறுநாளே அதுல ஆட்டோவும் மீன் வண்டியும்தான் நிக்கும். பக்கத்துலயே ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் கிடக்குல்லா, 1860-கள்ல திருவிதாங்கூர் ராஜா காலத்துல வெட்டுனது, பூவார்ல இருந்து மண்டைக்காடு பக்கம் வரை வள்ளம் போன வழி, இப்ப பாதி ஆக்கிரமிப்பு மீதி சாக்கடை. மொதல்ல சர்வே எடுத்து எல்லைக்கல்லு நட்டுட்டு அந்தக் கரையில போடுங்க, மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை திருவிழாவுக்கு இருமுடியோட நடந்து வர்ற பொம்பளையாளுகளுக்கும் (அந்த பத்து நாள் ரோட்டுல நெரிசல் சொல்லி மாளாது) உதவும். லைட்டு கண்டிப்பா வேணும். டைல்ஸ் மட்டும் ஒட்டிராதீங்க சார், ஜூன் மழை பிடிச்சா வழுக்கி விழுந்துதான் எந்திரிக்கணும்.