தரையிலிருந்து எழும்புவது அவ்வளவு சிரிப்பா?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வயசான பெண்களுக்கு நான் எடுக்கும் உடற்பயிற்சி வகுப்பில் எடுத்த அந்த நாற்பது நொடி வீடியோவை இங்கே மறுபடி போட மாட்டேன். எப்படியும் எல்லோரும் பார்த்தாயிற்று. எனக்கே ஆறு வாட்ஸப் குரூப்பிலிருந்து வந்தது. அதில் இரண்டு எங்கள் சொந்தக்காரர்கள் குரூப். "இது நீங்கதானே டீச்சர்?" என்று கேட்டு, கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை வேறு.

ஆமாம், நான்தான். நடுவில் நீலச் சுடிதாரில் முட்டிபோட்டு நிற்பது நான். சுற்றியிருக்கிற பதினான்கு பேரும் அறுபது தாண்டிய பெண்கள். பாதிப்பேர் ஆயுசு முழுக்க மீன் சருவம் சுமந்தவர்கள், மீதிப்பேர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் இருந்தவர்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதில் குத்துப்பாட்டைச் சேர்த்து, "பாட்டிகள் டான்ஸ் கிளாஸ்" என்று எழுதி விட்டுவிட்டார்.

அவர்கள் ஆடவில்லை. தரையிலிருந்து எழும்பப் பழகினார்கள்.

அது எப்படி என்றும் சொல்கிறேன், சிரித்தவர்களுக்கும் ஒருநாள் உதவும். மல்லாந்து கிடப்பவர் முதலில் ஒரு பக்கமாகப் புரள வேண்டும். முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கையை ஊன்றி, நாலு காலில் வர வேண்டும். தவழ்ந்து ஒரு நாற்காலி வரை போய், அதைப் பிடித்துக்கொண்டு, பலமுள்ள காலை முன்னால் வைத்து எழும்பி, மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். பின்பக்கம் தெரிகிறது என்று சிரித்தீர்களே, அது நாலு காலில் வரும் இடம். கேமராவுக்கு அழகாகத் தெரிகிற மாதிரி எழும்ப ஒரு வழியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மன்னிக்கணும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் அம்மா பாத்ரூமில் விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. எழும்பத் தெரியவில்லை, அவ்வளவுதான். பால்காரர் ஏழு மணிக்கு வந்து கூப்பிடும் வரை அங்கேயே கிடந்தார். நான் முந்தின நாள் குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து எப்படிக் குனிவது என்று சாயங்காலம் வரை விளக்கிக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் பஸ் ஏறிப்போய் உடம்பை அசைக்கச் சொல்லித்தருகிறவளின் அம்மா, ஈரத் தரையில் இரண்டரை மணி நேரம் கிடந்தார்.

விழுந்த அடியைவிட விழுந்த இடத்திலேயே கிடப்பது சில நேரம் மோசம். உடம்பு குளிர்ந்துபோகும், நீர் வற்றும், அழுந்திக் கிடக்கிற தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். அம்மாவுக்கு அதெல்லாம் வரவில்லை. பயம்தான் வந்தது. பயத்தில் நடை குறைந்தது, நடை குறையக் குறையக் கால் தளர்ந்தது. அடுத்த மழைக்காலத்தில் அம்மா இல்லை. விழுந்ததால்தான் என்று சொல்ல மாட்டேன். அப்படி நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

சரி, அந்த வீடியோவுக்குக் கீழே வந்த கேள்விகள்.

"அந்தக் காலத்துக் கிழவிகளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தா?" யாரும் இல்லை. அருவாமனை தரையில் இருந்தது, அம்மி தரையில் இருந்தது, சோறு தரையில், படுக்கை பாயில். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை உட்கார்ந்து எழும்பினார்கள், என் உதவி இல்லாமலே. இப்போது மகன் கல்ஃபிலிருந்து அனுப்பிய பணத்தில் வழுவழு டைல்ஸ், மேடை அடுக்களை, கட்டில், சோபா. நம் வீட்டு அம்மாக்கள் தரைக்குப் போவதே விழும்போதுதான்.

"வேலை செஞ்ச உடம்புக்கு எக்சர்சைஸ் எதுக்கு?" அண்டி ஆபீசில் முப்பது வருடம் ஒரே இருப்பில் இருந்து கொட்டை உடைத்தவரின் இடுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அது வேலை செய்த உடம்புதான், ஒரே அசைவை லட்சம் தடவை செய்த உடம்பு. மற்ற அசைவெல்லாம் அதற்கு மறந்துபோயிற்று. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அதில் குத்துப்பாட்டு பற்றி ஒன்றும் இல்லை.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. தலைசுற்றல், முட்டு வீக்கம் என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன். ஆனால் உடம்பை அசைத்துத் தேற்றும் இந்த வேலை நேற்று முளைத்ததும் இல்லை. மரியன் சேஸ் என்ற நடனக்கலைஞர் 1942இலேயே வாஷிங்டனில் ஒரு பெரிய மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு அசைந்து அசைந்து வேலை செய்யத் தொடங்கினார். 1966இல் அமெரிக்காவில் நடன சிகிச்சைக்கென்று சங்கமே வந்தது, முதல் தலைவர் அவர்தான். அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம ஊரில் அடிமுறைச் சண்டைக்கலை சொல்லித்தருகிற ஆசான்தானே வர்ம அடிக்கு வைத்தியமும் பார்ப்பார்? அவரிடம் போய் யாராவது "நீ டாக்டரா?" என்று கேட்டீர்களா? கேட்டுப் பாருங்கள்.

ஒரு குரூப்பில் இதை யோகா என்று திட்டினார்கள். இன்னொன்றில் மதமாற்றம். நாற்பது நொடிக்குள் இரண்டும் எப்படித் தெரிந்ததோ! அதற்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. காசு வாங்குகிறேனா என்று கேட்டவருக்கு: வாங்குகிறேன், பஸ்ஸில் எனக்கு டிக்கெட் உண்டு.

ஒரே ஒரு கேள்விதான் குத்தியது. பழைய தோழி ஒருத்தி தனியாக எழுதியிருந்தாள்: "நீயும்தானே வகுப்பு முடிஞ்சா போட்டோ போடுவே?" போடுவேன். ஆனால் கேட்டுவிட்டுப் போடுவேன். "போடட்டுமா அக்கா?" என்று கேட்டால், "போடு மக்களே" என்பார்கள். எதில் போடுகிறேன், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கு விளக்கியிருக்கிறேனா என்றால்... அதைப் பற்றி அப்புறம் பேசலாம். என் போட்டோவில் குத்துப்பாட்டு கிடையாது.

எடுத்தவன் யார் என்றும் தெரியும். அந்தப் பதினான்கு பேரில் ஒருவரின் பேரன். பாட்டியை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சன்னல் ஓரம் நின்று எடுத்திருக்கிறான். சின்னப் பையன், நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சொன்னேன். நன்றாகவே சொன்னேன். "நான் எங்க வீட்டு குரூப்பில மட்டும்தான் போட்டேன் டீச்சர்" என்று அழுதான். மற்றதையெல்லாம் பெரியவர்கள் செய்தார்கள். பாட்டைச் சேர்த்தவர் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

இவ்வளவு நேரமும் "அவர்கள் ஆடவில்லை, ஆடவில்லை" என்று எழுதிக்கொண்டே வருகிறேன். இப்போது யோசித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆடினால்தான் என்ன? எழுபது வயசு ஆண்பிள்ளை கோலைத் தட்டிக்கொண்டு களியல் ஆடினால் கலை. எழுபது வயசுப் பெண்பிள்ளை குனிந்தால் காமெடி. இந்தக் குமரி மண்ணில் எங்கள் பெண்கள் தோளில் சேலை போடுவதற்கே அடிபட்டார்கள், 1859இல் திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போட வேண்டியிருந்தது. அதை மேடையில் பேசும்போது எல்லோருக்கும் தொண்டை அடைக்கும். அதே வாய்தான் அந்த வீடியோவுக்குக் கீழே சிரித்தது. எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. திரும்பப் படித்துத் திருத்த மனசில்லை.

நேற்று வகுப்புக்கு வந்தது மூன்று பேர். பதினான்கில் மூன்று. ஒருவரை மகனே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம், மானம் போகிறதாம். அவர் விழுந்தால் தூக்கிவிட அந்த மகன் மஸ்கட்டிலிருந்து வருவான்போல.

ராத்திரி ஒரு போன் வந்தது. அந்தப் பையனுடைய பாட்டி. "டீச்சர், அடுத்த வாரம் நான் வாறேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாறேன். கதவை மட்டும் அடைச்சிரணும் கேட்டியளா" என்றார்.

அடைக்கிறேன். அந்த மண்டபத்தில் மூன்று கதவு, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கட்டுவதற்குக் கயிறு கொண்டுபோக வேண்டும், சன்னலுக்குப் பழைய சேலை நாலு.