ஆஃப்ரோடு வண்டி வாங்குமுன்: எந்தக் கோளாறோடு வாழலாம், எதோடு முடியாது

லேண்ட் குரூசர் எடுக்கலாமா, பேட்ரோல் எடுக்கலாமா, டிஃபெண்டர் தாங்குமா, ராங்லர் உழைக்குமா என்று கேட்பவர்களுக்கு வரும் பதில்களில் முக்கால்வாசி கம்பெனி பெயரோடு நின்றுவிடுகிறது. "டொயோட்டா எடு, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு." "லேண்ட் ரோவர் பக்கமே போகாதே." இரண்டுமே அரைகுறைப் பேச்சு. ஒரே கம்பெனி, ஒரே பாடி, அதற்குள் இரண்டு இன்ஜின். ஒன்று ஐந்து லட்சம் கி.மீ. தாண்டியும் ஓடும், இன்னொன்று அதில் பாதி தூரம்கூடப் போகாமல் பிஸ்டனை உருக்கிக்கொண்டு நிற்கும். அதனால் கேள்வியை இன்ஜின் பெயரும் தயாரான வருஷமும் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. எத்தனை கோளாறு வரும் என்பதைவிட, வருகிற கோளாறு சொல்லிக்கொண்டு வருமா, சொல்லாமல் வருமா என்பதைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். ஆறு மாதமாக ஆயில் சொட்டுகிற வண்டியோடு வாழ்ந்துவிடலாம். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, மதியம் ஆளில்லாத இடத்தில் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) உடைந்து நிற்கிற வண்டியோடு முடியாது. ஆஃப்ரோடு வண்டிக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

நிசான் பேட்ரோலில் இது பளிச்சென்று தெரியும். ஒய்60, ஒய்61 என்ற இரண்டு தலைமுறையிலும் வந்த 4.2 லிட்டர் டிடி42 டீசல், நேர்வரிசை ஆறு சிலிண்டர். டைமிங் பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டும் டீசல் பம்பும் பல்சக்கரத்தில் சுற்றுகின்றன. மாற்ற மறந்து அறுந்துபோக அதில் எதுவுமே கிடையாது. இழுவை மந்தம், சத்தம் அதிகம், ஏற்றத்தில் புகை தள்ளும். ஆனால் ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றினால் தலைமுறை தாண்டும். அதே ஒய்61-ல் 2000-ஐ ஒட்டி வந்த 3.0 லிட்டர் இசட்டி30 நாலு சிலிண்டர் டீசலின் கதை வேறு. ஆரம்ப வருஷ இன்ஜின்களில் டர்போ அழுத்தம் வரம்பு மீறும், ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்து காற்றின் அளவைத் தப்பாகச் சொல்லும், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியாக வரும் கரி, காற்று உள்ளே போகும் இன்டேக்கை அடைக்கும். எல்லாம் சேர்ந்து எரிஅறையின் சூட்டை ஏற்றி, பிஸ்டன் தலையை உருக்கிவிடும். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது.

அந்த இன்ஜின் உள்ள பேட்ரோலை ஏற்கெனவே வைத்திருந்தால் விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. டர்போ அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒன்று, எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர் ஒன்று, இரண்டையும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ஏர் ஃப்ளோ சென்சாரை அதற்கென்று உள்ள ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் சென்சாரே போய்விடும். டர்போவுக்குப் போகும் வேக்கம் குழாயில் நீடில் வால்வு வைத்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது பேட்ரோல்காரர்களிடம் பழகிப்போன வழி. பின்னால் வந்த காமன் ரெயில் வகை இவ்வளவு மோசமில்லை. பெட்ரோலில் எடுப்பதாக இருந்தால் 4.8 லிட்டர் டிபி48 எந்த யோசனையும் இல்லாமல் எடுக்கலாம். எரிபொருள் செலவைத் தாங்க முடிந்தால் சரி.

நிசானிலேயே இன்னொரு கண்ணி, ஆர்51 பாத்ஃபைண்டர். 2005 முதல் 2010 வரை வந்த ஆட்டோமேட்டிக் வண்டிகளில், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரோஸ் நிறத்தில் நுரைத்த பால் மாதிரி இருக்கும். அதைப் பார்க்கிற நேரத்தில் கியர்பாக்ஸ் பெரும்பாலும் முடிந்திருக்கும். உள் கூலரைத் துண்டித்துவிட்டு, முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர் வைத்தால் அந்த ஆபத்தே இல்லை. இவ்வளவு சின்ன வேலை இவ்வளவு பெரிய செலவைத் தடுப்பது அபூர்வம். அந்த வண்டியின் ஒய்டி25 டீசலில் ஆரம்பத்தில் வந்த மேல் டைமிங் செயின் ஒற்றை வரிசை. நீண்டுபோகும், அறுந்தும் போகும். இரட்டை வரிசைச் செயினுக்கு மாற்றியிருக்கிறதா என்று பில்லைக் கேளுங்கள்.

இனி டொயோட்டா. லேண்ட் குரூசர் 70 சீரிஸ் 1984-ல் இருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதில் பல வருஷம் ஓடிய 1எச்இசட், 4.2 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் டீசல். டைமிங் பெல்ட் உண்டு. நாட்டைப் பொறுத்து 1 முதல் 1.5 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், டேஷில் அதற்கென்று விளக்கே இருக்கிறது. இந்த இன்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து மாட்டும் டர்போதான். டர்போவுக்கென்று வடிவமைக்காத சிலிண்டர் ஹெட், அழுத்தம் ஏற ஏற வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். 1எச்இசட் வாங்கும்போது பானெட்டுக்குள் டர்போவைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்.

80 சீரிஸ், 70 சீரிஸ் போல முன் சக்கரங்களை ஒரே கெட்டி அச்சு இணைக்கும் (சாலிட் ஆக்சில்) வண்டிகளில் சொல்லிக்கொண்டு வரும் கோளாறுக்கு நல்ல உதாரணம் ஸ்டியரிங் நக்கிள். சக்கரத்துக்கு உட்புறம் பெரிய உருண்டை மாதிரி இருக்கும் அந்த ஹவுசிங்குக்குள் கிரீஸ் நிரம்பியிருக்கும். ஆக்சிலுக்குள் இருக்கும் சீல் தேய்ந்தால் டிஃப் (டிஃபரென்ஷியல், இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்த கருப்புக் குழம்பு உருண்டையின் பின்பக்கம் வழிந்து டயரின் உள்சுவரில் தெறிக்கும். பார்த்த அன்றே பதற வேண்டாம், ஆனால் வருஷக் கணக்கில் விடவும் கூடாது. உள்ளே இருக்கும் ஜாயின்ட் கிரீஸ் இல்லாமல் தேய்ந்து, ஸ்டியரிங் முழுக்கத் திருப்பும்போது டக் டக் என்று அடிக்க ஆரம்பிக்கும். வேலை செய்யும்போது சீல் மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் கழற்றி, ஆக்சில் சீல், ஃபெல்ட் சீல், நக்கிள் திரும்பும் கிங்பின் பேரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, மாலிப்டினம் கிரீஸ் நிரப்ப வேண்டும். 80 சீரிஸில் பேரிங் இறுக்கத்தை நக்கிள் ஆர்மில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்க்கலாம்: 3 முதல் 6 கிலோ இழுவையில் திரும்ப வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷிம்மை (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) குத்துமதிப்பாகப் போடுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

டொயோட்டாவிலேயே சொல்லாமல் வருவதும் இருக்கிறது. 3.0 லிட்டர் 1கேடி டீசல், 120, 150 பிராடோவிலும் ஃபார்ச்சூனரிலும் வந்தது. அதன் இன்ஜெக்டர்களின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் சரியாக உட்காராவிட்டால், எரிஅறைப் புகை வால்வு கவருக்குள் கசிந்து ஆயிலில் கரியாகக் கலக்கும். கரி சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) படிந்து, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும். அடைப்பு முற்றினால் பேரிங்குக்கு ஆயில் போகாது, இன்ஜின் முடிந்தது. ஆரம்ப வருஷ வண்டிகளில்தான் இது அதிகம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் நீராவி ரயில் போல "சுஃப் சுஃப்" என்று கேட்டால் வாஷர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாஷரை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். சம்ப்பைக் கழற்றி அந்த வலையைக் கண்ணால் பாருங்கள்.

டொயோட்டாவின் புது இன்ஜின் என்றாலும் கண்ணை மூட முடியாது என்பதற்கு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 சாட்சி. தயாரிப்பின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்கள் மெயின் பேரிங்கைக் கெடுப்பதாக 2024-ல் அமெரிக்காவில் சுமார் 1 லட்சம் டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். டகோமா பிக்கப்பின் ஃப்ரேம்கள் துருப்பிடித்துப் பொத்தலாகி, கம்பெனியே மாற்றிக் கொடுத்ததும் உண்டு. அப்படியிருந்தும் இருபது வருஷம் வைத்திருக்க ஒரு வண்டி என்றால் என் முதல் கை லேண்ட் குரூசர் பக்கம்தான் போகும். பாகம் கிடைக்காமல் நிற்கிற நிலை அதற்குக் குறைவு.

லேண்ட் ரோவரை ஒரேயடியாகத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1998 முதல் 2007 வரை வந்த டிடி5 டீசல் இன்ஜின் டிஃபெண்டரின் பிரபலமான கோளாறு, இன்ஜெக்டர் வயரிங் வழியாக ஆயில் ஏறி இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் சிவப்பு பிளக் வரைக்கும் வருவது. வண்டி மிஸ் அடிக்கும், இழுவை குறையும். வால்வு கவருக்குள் இருக்கும் வயரிங்கை மாற்றி, பிளக்கை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் சரியாகிவிடும். தெரிந்தவர்களுக்கு ஒரு மதியப் பொழுது வேலை. சொட்டும், கசியும், உள்ளே மழைத் தண்ணீர் வரும். ஆனால் சொல்லிக்கொண்டு வரும். டிடி5-ல் பயப்பட வேண்டிய ஒரே இடம் ஆயில் பம்ப் சக்கரத்தின் போல்ட். அது கழன்றால் ஆயில் அழுத்தமே போய்விடும். சம்ப்பைக் கழற்றி, த்ரெட் லாக் போட்டு முறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

லேண்ட் ரோவரின் டிஸ்கவரி 3, 4 எனக்கு வருத்தம் தரும் வண்டிகள். கரடுமுரடான பாதையில் அவ்வளவு சுகமாகப் போகிற வண்டி குறைவு. ஆனால் அதன் வி6 டீசல்களில் கிராங்க் பேரிங் தன் இடத்திலிருந்து நழுவிச் சுற்றிக்கொண்டு, கிராங்க்கே உடைவது ஓட்டுகிறவரை எச்சரிக்காமல் நடக்கும். முன்னால் டைமிங் பெல்ட், பின்னால் டீசல் பம்புக்கு இன்னொரு பெல்ட். முன் பெல்ட்டை மாற்றிவிட்டுப் பின் பெல்ட்டை மறந்த வண்டிகள் விற்பனைக்கு வரும். ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் தேய்மானப் பொருள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டர்போ போன்ற வேலைக்குப் பாடியையே சேஸியிலிருந்து தூக்கிவிட்டுச் செய்கிறார்கள். தன் கையால் வேலை பார்க்கிறவரோ, நம்பிக்கையான ஸ்பெஷலிஸ்ட் பக்கத்தில் இருப்பவரோ மட்டும் எடுக்கலாம்.

ஜீப் ராங்லர் என்றால் எல்லோரும் கேட்பது அந்த ஸ்டியரிங் ஆட்டம். ஓரளவு வேகத்தில் போகும்போது ஒரு மேடு தட்டியதும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்த மாதிரி ஆடும், வேகம் நன்றாகக் குறைந்தால்தான் நிற்கும். பலர் ஸ்டியரிங் டாம்பரை மாற்றிவிட்டுச் சரியானதாக நினைக்கிறார்கள். டாம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், காரணத்தை நீக்காது. செய்ய வேண்டியது இது: வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கட்டும், இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து, முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் சேஸியோடு பிணைக்கும் டிராக் பாரின் இரு முனையிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே டக்கென்று அசைவு தெரிந்தால் அதுதான் குற்றவாளி. துளை நீள்வட்டமாகியிருந்தால் முறுக்கிப் பயனில்லை, பிராக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும். ராங்லரின் ஜேகே தலைமுறையில் அந்த போல்ட்டுக்கு 169 நியூட்டன் மீட்டர் டார்க். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் முறுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அதன்பிறகு பால் ஜாயின்ட், டை ராட் முனை, வீல் பேலன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். பேட்ரோலுக்கும் லேண்ட் குரூசர் 80-க்கும் இதே சோதனைதான்.

2012 மாடல் முதல் வந்த 3.6 வி6 ராங்லரில் இரண்டைக் கவனியுங்கள். இரண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் விரிசல் விட்டால், ஆயில் அந்தப் பள்ளத்தில் தேங்கிப் பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் வழியும். கிராங்க் பின் சீல் போய்விட்டது என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். முதலில் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாவது, சூடான பிறகும் போகாத டிக் டிக் சத்தம். வால்வை அழுத்தும் ராக்கரின் ரோலர் தேய்கிறது. விட்டால் கேம்ஷாஃப்ட்டையும் தின்னும்.

மிட்சுபிஷி பஜேரோ பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே ஒரு டிஃப் இருப்பதால் மழை நனைந்த தார்ச்சாலையிலும் நாலு சக்கர இழுவையில் போகலாம், அது பெரிய பாதுகாப்பு. 3.2 டீசலில் ஐடிலில் இன்ஜின் வேகம் ஏறி இறங்கி ஆஃப் ஆனால், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கன்ட்ரோல் வால்வை முதலில் மாற்றுங்கள், பம்பை அல்ல. 2.5 டீசலில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சுசுகி ஜிம்னி சின்ன வண்டி, எளிய வண்டி. கிங்பின் பேரிங்கும் துருவும் பார்த்தால் போதும்.

எந்த வண்டியாக இருந்தாலும் ஆற்றில் இறக்கியபின் டிஃப் ஆயில் பாருங்கள். சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், காற்று போக வர உள்ள பிரீதர் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்குவதால் முதலில் அதுதான் சொட்டும். ஆயில் பால்நிறமாகியிருந்தால் முழுவதையும் மாற்றிவிட வேண்டும். பிரீதர் குழாயை பானெட் உயரத்துக்கு நீட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு போகும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால், இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் குளிர்ந்திருக்கிறதா என்று பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சேஸியைச் சுத்தியலால் தட்டுங்கள். துருவேறிய இடத்தில் கணீர் சத்தம் வராது. பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் இருந்தால் வீல் பேரிங், பால் ஜாயின்ட், சிவி பூட் (ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை) மூன்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மண் தரையில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கியர்) போட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் எலெக்ட்ரிக் டிஃப் லாக் உள்ள லேண்ட் குரூசர் என்றால் ஸ்விட்சைத் திருப்பி, மெதுவாகச் சில மீட்டர் வளைத்து ஓட்டியபிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் ஆக்சிலில் இருக்கும் மோட்டார் துருவேறி இறுகியிருக்கும். பயன்படுத்தாமல் விட்டதால் வருவது அது. மாதம் ஒருமுறை மண்ணில் லாக் போட்டு எடுத்தால் இறுகாது.