காசிமேட்டு இறாலுக்குத் தடையாக நிற்பது வரியல்ல

அமெரிக்கா போடும் இறக்குமதி வரிதான் இந்திய இறால் ஏற்றுமதிக்கு ஒரே சிக்கல் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பண்ணை இறாலுக்கு அது பொருந்தும். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் கடல் இறாலுக்கு வரி போடும் பேச்சே எழவில்லை. 2019-லேயே அமெரிக்கா அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. காரணம் 1989-இல் அவர்கள் போட்ட ஆமைச் சட்டம், பிரிவு 609: கடலாமைகளைக் காக்காத முறையில் பிடித்த இறாலை அது உள்ளே விடாது. இதை எதிர்த்து இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998 தீர்ப்பு, சட்டத்தின் நோக்கம் சரி, நடைமுறையில் பாரபட்சம் என்றது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியது, சட்டம் நின்றது.

அவர்கள் கேட்பது இழுவலையில், மீன் சேரும் பின்முனைப் பையான மடிக்கு முன்னால், சாய்வாக ஒரு கம்பிச் சட்டகம். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இறால் உள்ளே போகும், பங்குனி ஆமை முட்டித் திறப்பு வழியே வெளியேறும். சட்டகத்தின் சாய்வுக் கோணம்தான் உயிர். 55 டிகிரியைத் தாண்டி நிமிர்ந்தால் குப்பை அடைக்கும், ஆமையும் அழுந்தி நிற்கும். ரொம்பச் சாய்ந்தால் இறால் நழுவும். அந்த நஷ்டத்துக்குப் பயந்து திறப்பைத் தைத்துவிட்டால் சட்டகம் இருந்தும் பயனில்லை. மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி, மணிக்கணக்கில் இழுக்கும் வலைக்குள் செத்துப்போகும்.

கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைக்கேற்ற சாதனத்தை எப்போதோ வடிவமைத்துவிட்டது. அதை ஒவ்வொரு விசைப்படகிலும் மாட்டி, கோணத்தை அளந்து சோதிக்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களை விட நல்ல நேரம் எது?