குக்கைத் திட்டவும் அவர் நாட்குறிப்பே போதும்

ஜனவரி 26, ஆஸ்திரேலிய தினம், நெருங்கினாலே அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் சிலைகளுக்குக் கண்டம்தான். 2024-இல் மெல்பர்னில் ஒரு சிலையைக் கணுக்காலோடு அறுத்துச் சாய்த்தார்கள். உடனே வழக்கமான சண்டை. ஒரு தரப்புக்கு அவர் மாவீரர், இன்னொரு தரப்புக்குக் கொள்ளைக்காரர். அந்த மனுஷன் தன் கைப்பட எழுதிய எண்டெவர் கப்பல் நாட்குறிப்பு 700 பக்கத்துக்கு மேல் கான்பெரா தேசிய நூலகத்தில் இருக்கிறது. சண்டை போடுகிற இரண்டு தரப்பும் அதைப் புரட்டிப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. 1923-இல் லண்டன் ஏலத்தில் 5,000 பவுண்டு கொடுத்து ஆஸ்திரேலிய அரசே வாங்கியது. இப்போது இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

1768 ஆகஸ்டில் பிளிமத்திலிருந்து கிளம்பி, தஹிதியில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்த்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கிழக்குக் கரை, படேவியா (இன்றைய ஜகார்த்தா) என்று சுற்றி 1771 ஜூலையில் ஊர் திரும்பிய பயணம். மேலதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டிய குறிப்பு என்பதால் பெரும்பகுதி காற்று, அட்சரேகை, கடல் ஆழம். கொட்டாவி வரும், மறைப்பானேன். ஆனால் நடுநடுவே மனிதர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோய் வராமலிருக்கப் புளிக்கவைத்த முட்டைகோஸ் கொடுத்தால் மாலுமிகள் தொட மாட்டேன் என்கிறார்கள். குக் அடிக்கவில்லை, அதட்டவில்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் சொல்கிறார். பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள் என்றதும் கீழே அத்தனை பேருக்கும் அது தேவாமிர்தமாகிவிட்டது!

1770 மே மாதம் இன்னொரு கூத்து. எழுத்தர் ஆர்ட்டன் குடித்துவிட்டு மட்டையாகிக் கிடக்கிறார். யாரோ அவர் முதுகில் இருந்த துணியையெல்லாம் வெட்டி, அதுவும் போதாமல் தூக்கத்திலேயே இரண்டு காதிலும் கொஞ்சம் அறுத்துவிடுகிறார்கள். படேவியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நாட்குறிப்பின் நகலை எழுதியவர் இதே ஆர்ட்டன்தான். தன் காது போன கதையைத் தானே பிரதியெடுக்க வேண்டிய தலையெழுத்து.

இதையெல்லாம் அந்தக் காலத்து வாசகர்கள் குக்கின் வார்த்தையில் படிக்கவில்லை. 1773-இல் வந்த அச்சு நூலை எழுதியவர் ஹாக்ஸ்வொர்த் என்ற இலக்கியவாதி. குக்கின் குறிப்பையும், உடன் சென்ற பணக்காரத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் குறிப்பையும் கலந்து, 'நான்' என்று குக்கின் குரலிலேயே எழுதிவிட்டார். கூலி 6,000 பவுண்டு. குக்குக்கே பிடிக்கவில்லை. அவர் எழுதியது அவர் எழுத்தாக அச்சேற 1893 ஆகிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் உலகம் கொண்டாடிய குக், பாதி ஹாக்ஸ்வொர்த் செய்த குக்.

மெருகு ஏறாத குக் வேறு மாதிரி ஆள். 1769 அக்டோபர், நியூசிலாந்துக் கரை. படகில் வந்த மாவோரிகளை (அங்குள்ள பூர்வகுடிகள்) பிடித்து, அன்பாக நடத்தி, நட்பாக்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறார். (ஆளைப் பிடித்து வைத்து நட்பாம்!) அவர்கள் எதிர்க்கிறார்கள், இவர்கள் சுடுகிறார்கள். செத்தவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் என்கிறார் குக். அதே சம்பவத்துக்கு பேங்க்ஸ் எழுதிய கணக்கு நான்கு. தன் வாழ்நாளிலேயே மிக மோசமான நாள் என்றும் அவர் எழுதுகிறார். குக்கோ, மனிதாபிமானமுள்ளவர்கள் என்னைக் கண்டிப்பார்கள், படகைப் பிடிக்க நான் வைத்திருந்த காரணம் என்னை நியாயப்படுத்தாது என்று ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், தலையில் அடி வாங்கிக்கொண்டு சும்மா நிற்க முடியுமா என்றும் கேட்கிறார். எந்த வழக்கறிஞரும் இதைவிட நேரான வாக்குமூலம் வாங்கிவிட முடியாது.

ஆஸ்திரேலியா விஷயத்தில் இன்னும் பளிச். அங்குள்ளவர்களின் சம்மதத்தோடுதான் இடங்களை உரிமை கொள்ள வேண்டும் என்பது கையிலிருந்த ரகசிய உத்தரவு. 1770 ஆகஸ்ட் 22 அன்று பொசெஷன் தீவில் கொடியேற்றி, கிழக்குக் கரை முழுவதும் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சொந்தம் என்று அறிவிக்கிறார். தீவில் ஆயுதத்தோடு ஆட்கள் நின்றதையும், படகு நெருங்கியதும் அவர்கள் விலகிப்போனதையும் அவரே எழுதியிருக்கிறார். சம்மதம் பற்றி மூச்சில்லை. மறுநாள் பக்கத்தில், இவர்கள் பரிதாபமானவர்களாகத் தோன்றலாம், ஆனால் ஐரோப்பியரான நம்மைவிட எவ்வளவோ மகிழ்ச்சியானவர்கள், நிலமும் கடலும் வேண்டியதைத் தானே தருகின்றன என்று புகழ்கிறார். முந்தின நாள்தான் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலேயர் வந்தபோது ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத 'ஆளில்லா நிலம்' என்ற கதையை உடைத்தது மாபோ வழக்கு. டோரஸ் நீரிணைத் தீவுக்காரர் எடி மாபோ தொடுத்த அந்த நில உரிமை வழக்கில் தீர்ப்பு வந்தது 1992 ஜூன் 3. குக் வெள்ளியைப் பார்த்ததும் ஒரு ஜூன் 3-தான், 1769-இல். 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சேர்ந்தவை இரண்டு: இந்த நாட்குறிப்பும் மாபோ வழக்கு ஆவணங்களும். யார் யோசித்தார்களோ, கச்சிதமான ஜோடி.

படிக்க நினைப்பவர்கள் நேராக 1770 ஆகஸ்டுக்குப் போய்விடுங்கள். காற்றும் ஆழமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.